முப்பத்தோர் ஆண்டுக் கோபத்துக்கு எங்கள் வணக்கம்

பேறுகாலப் பெண்டிர்க்குப் பெருந்துணையாய் நின்ற பெருமாட்டியே! தொட்ட மாத்திரத்தில் வயிற்றுப் பிள்ளையின் தலை எது, கால் எது எனத் துல்லியமாய்ச் சொல்லும் தூய கரத்தாரே! வைத்தியர் வாயடைக்க, தாதியர் தலைகுனிய, வாசற்காவலர் வழிவிட்டு ஒதுங்க, வெள்ளைச் சேலையும் விரித்த குடையுமாய் வீதிதோறும் விரைந்த வீறுடை மருத்துவச்சியே! முகம் சுளித்தும் முறை தவறாத, கடுஞ்சொல் உரைத்தும் கடமை வழுவாத, எங்கள் மாண்புக்குரிய மதாம் ஆனந்தமேரி அம்மையாரே! வணக்கம்! ஓய்வு பெறும் தங்களைப் பிரிய மனமில்லாத ஆசுபத்திரி ஊழியர்களின் பணிவான வணக்கம்!

இவ்வளவு எழுதி முடிப்பதற்குள்ளேயே தங்கள் முகம் எங்கள் கண்முன் வந்துவிட்டது. நேருக்கு நேர் புகழ ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவதாக மூன்று முறை எச்சரித்திருக்கிறீர்கள். போகக்கூடியவர்தாம் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே இனி வருவதைத் தங்களை நோக்கிச் சொல்லாமல், ஆனந்தமேரி என்ற ஒரு மருத்துவச்சியின் கதையாகவே சொல்கிறோம். வேறு யாரையோ பற்றியது என்று எண்ணிக்கொண்டு, அருள்கூர்ந்து, இந்த ஒரு மாலை மட்டும், நாற்காலியை விட்டு எழாமல் கேட்டருள வேண்டும்.

ஆனந்தமேரி அம்மையார் 1907ஆம் ஆண்டு, தம் இருபத்து நான்காம் வயதில், பிரெஞ்சு சர்க்காரின் மருத்துவச்சிப் பட்டயத்தோடு இந்தப் புதுச்சேரி ஆசுபத்திரிக்குள் நுழைந்தார். அன்று முதல் இன்று வரை எத்தனை பிள்ளைகளைக் கையில் ஏந்தினார் என்று எழுதுவது இத்தகைய மடல்களில் வழக்கம். அந்த எண் எங்களிடம் இருக்கிறது. எழுதக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். "பொறந்த கணக்கு எதுக்கு? அஞ்சு வயசுல எத்தன பேரு முதுகு நேரா நிக்கிறாங்கன்னு கணக்கு இருந்தா, அத எழுதுங்க" என்றார். அப்படி ஒரு கணக்கு எங்களிடம் இல்லை. இல்லாததற்கும் எங்களுக்குத் திட்டு விழுந்தது.

அவருடைய கோபத்தை இந்த நகரத்தில் அறியாதவர் இல்லை. குளிருக்கு அஞ்சிக் குழந்தைகள் பகுதியின் சன்னல்களை அடைத்தவர் அறிவார்; பாலைக் காய்ச்சாமல் புகட்டியவர் அறிவார். எங்கள் தாதி லூர்துசெல்வி ஒருநாள், கூன் விழுந்த மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து "ஐயோ, பாவம்!" என்று சொல்லிவிட்டாள். "பாவம்னா சாமியாருகிட்ட போயி சொல்லு. இது பாவம் இல்ல. யாரோ ஒருத்தர் வாய மூடாம இருமினது" என்று பதில் வந்தது.

கோபத்தின் காரணம் இதுதான். காசநோய் என்றால் நெஞ்சு நோய் என்றுதான் ஊரார் நினைக்கிறார்கள். பெரியவருக்கு அது நெஞ்சில் இருக்கிறது. அவர் இருமும் மூச்சில் கலந்து வீட்டிலுள்ள கைக்குழந்தைக்குள் போகிறது. அங்கே சில வேளைகளில் நெஞ்சோடு நில்லாமல் முதுகெலும்பில் போய் உட்கார்ந்து கொள்கிறது. எலும்பு உள்ளுக்குள்ளேயே உளுத்து நொறுங்குகிறது. முதுகு கூனுகிறது. கவனிக்காமல் விட்டால் கால்கள் செத்துப் போகின்றன. நோய் வந்த எலும்பைப் பழையபடி ஆக்க எந்தப் பெரிய வைத்தியராலும் ஆகாது. வராமல் தடுக்க மட்டும் ஒரு சாதாரண வீட்டால் ஆகும். இருமுபவர் விலகி இருந்தால் போதும், பாலைக் கொதிக்க வைத்தால் போதும். தடுக்க முடியாத சாவுக்கு அம்மையார் கண்ணீர் விட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். தடுக்கக்கூடியதற்கு அவர் ஒருபோதும் கண்ணீர் விட்டதில்லை. கோபம்தான் வரும்.

அந்தக் கோபம் ஒரு வீட்டில் எப்படித் தோற்றது, பின்பு என்ன ஆயிற்று என்பதை இங்கே சொல்ல விரும்புகிறோம். அந்த வீட்டைச் சேர்ந்த அஞ்சலாட்சி இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். "எங்க கதைய ஊரு கேக்கட்டும், வாசிங்க" என்று அவரே அனுமதி தந்திருக்கிறார்.

1931ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் சாரம் என்ற ஊருக்கு ஒரு பிரசவத்துக்காக அம்மையார் போனார். வீட்டுக்காரர் மண்ணாங்கட்டி, பஞ்சாலைத் தொழிலாளி. அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்காமல் போனதால் இந்தப் பெயர் வைத்தார்கள். தங்கிய ஒரே அண்ணன் கண்ணையன். தாய் தந்தை போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கி, அதே ஆலையில் வேலைக்கும் சேர்த்துவிட்டவர் அவர்தாம். மனைவியை இழந்தவர், பிள்ளை கிடையாது.

அஞ்சலாட்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி அறுத்துத் துணியில் சுற்றும்போது முன்னறையிலிருந்து ஓர் இருமல் கேட்டது. அம்மையார் கை நின்றது.

"யாரு இருமறது?"

"எங்க அண்ணன், மதாம். மில்லு தூசி. பஞ்சுல நிக்கிறவனுக்கெல்லாம் இருக்கறதுதான்" என்றார் மண்ணாங்கட்டி.

"தூசி இருமல் எனக்குத் தெரியும். இது வேற. கொழந்தைய அவருகிட்ட குடுக்காதீங்க. ஆசுபத்திரிக்கு வரச் சொல்லுங்க."

"சொல்றேன், மதாம்" என்று மண்ணாங்கட்டி தலையாட்டினார். அம்மையார் அடுத்த பிரசவத்துக்குக் குடையை விரித்துக்கொண்டு போனார். குழந்தைக்கு வேம்பு என்று பெயர் வைத்தார்கள். இரண்டு மூன்று முறை அந்தப் பக்கம் போனபோது அம்மையார் வாசலில் நின்று விசாரித்தார். ஒவ்வொரு முறையும் "சொல்லிட்டோம், மதாம்" என்றே பதில் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து அந்த இருமல் கேட்டது.

1935 புத்தாண்டு கழிந்த வாரம், அஞ்சலாட்சி மறுபடி முழுகாமல் இருந்தார். மூன்றாம் மாதம். வயிற்றைப் பார்க்க வந்த அம்மையார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று வயது வேம்பு நின்றபடி, பாவாடை மடியில் மல்லாட்டைக் கடலை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். ஒன்று தரையில் விழுந்தது. எந்தப் பிள்ளையும் அப்படியே குனிந்து எடுத்துவிடும். வேம்பு குனியவில்லை. முதுகைக் கம்புபோல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, முழங்காலை மட்டும் மெல்ல மடக்கி, ஒரு கையைத் தொடையில் ஊன்றி, உட்கார்ந்து எடுத்தாள். எழுந்தபோது தன் தொடைமேலேயே கையை மாற்றி மாற்றி வைத்து ஏறினாள்.

அம்மையார் அந்த நிமிடத்தைப் பற்றிப் பின்னாளில் எங்களிடம் ஒரே ஒரு முறை பேசினார். வேம்பு எழுந்து நிற்பதற்குள் தமக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றார். அன்று எழுந்து போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். நடுமுதுகில் ஓர் எலும்பு விரல்முட்டிபோல் துருத்திக்கொண்டு இருந்தது.

"இது எத்தன நாளா?"

"சுளுக்குன்னாங்க, மதாம். மூணு வாட்டி எண்ணெ போட்டு நீவி வுட்டாச்சு" என்றார் அஞ்சலாட்சி. "தூங்கும்போது திடீர்னு வீல்னு கத்துறா. பயந்த கோளாறுன்னு மந்திரிச்சோம்."

"நீவுனீங்களா? உளுத்த எலும்ப நீவுனீங்களா?" அம்மையார் குரல் தெருவுக்குக் கேட்டது. "நாளைக்குக் காலையில ஆசுபத்திரியில இருக்கணும். நீவறவன் இனிமே இந்த வாசல மிதிச்சான்னா நான் பொலீசுக்குப் போவேன்."

மறுநாள் அவர்கள் வரவில்லை. பொங்கல் கழியட்டும் என்றார்கள். பொங்கல் கழிந்தது, பெரியவர் கண்ணையன் நல்ல நாள் பார்க்கிறார் என்றார்கள். மாசி மகத்துக்குச் சாமி கடலுக்கு வரும், வேண்டிக்கொண்டிருக்கிறோம், அது முடியட்டும் என்றார்கள். அம்மையார் பிரசவத்துக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் சாரத்துக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தார். போன ஒவ்வொரு முறையும் திட்டினார். திட்டு வாங்கியவர்கள் மோர் கொடுத்து உபசரித்தார்கள். அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. ஆசுபத்திரிக்குத் திரும்பி எங்களைத் திட்டினார்.

மகம் முடிந்து பத்தாம் நாள் வேம்பு வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். அடுத்த நாள் மறுபடி விழுந்தாள். மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. அன்றுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் கட்டுக்காரர் சகாயநாதன் அன்று மாவுக்கட்டில் ஒரு படுக்கை செய்தார். குழந்தையின் முதுகு அளவுக்கே வார்த்தது. அதில் வேம்புவை மல்லாக்கப் படுக்க வைத்து, அசையாதபடி பட்டிகள் கட்டினார்கள். எத்தனை நாள் என்று மண்ணாங்கட்டி கேட்டார். ஒன்றரை வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்று எங்கள் வைத்தியர் சொன்னார். மண்ணாங்கட்டி தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்து, ஒன்றரை மாதமா என்று திருப்பிக் கேட்டார்.

காலை வெயிலில் படுக்கையோடு பிள்ளைகளை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போவது எங்கள் வழக்கம். வெயிலும் கடற்காற்றும் மீன் எண்ணெயும் அசையாத கிடையும், இவைதாம் எங்களிடம் இருந்த மருந்துகள். இரண்டு மாதத்தில் வேம்புவின் கால்விரல்கள் அசைய ஆரம்பித்தன. அம்மையார் தம் பிரசவப் பகுதியை விட்டு நாள்தோறும் மாடிக்கு ஏறி வந்து அந்தக் கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் போவார். பிள்ளை "ஆ!" என்று கத்தினால் அன்றைக்கு எங்களுக்குத் திட்டு கொஞ்சம் குறையும்.

ஆனால் நாள்தோறும் வந்தவர் இன்னொருவரும் உண்டு. பெரியப்பா கண்ணையன். இருமல் முற்றி ஆலையிலிருந்து நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை இல்லை, வீட்டில் பிள்ளையும் இல்லை. காலையிலேயே நடந்து வந்துவிடுவார். வேம்புவின் தலைமாட்டில் உட்கார்ந்து, கடித்து மென்று மெதுவாக்கிய ரொட்டியைத் தம் வாயிலிருந்து எடுத்து அவளுக்கு ஊட்டுவார். முகத்தோடு முகம் வைத்துக் கதை சொல்வார். கதை நடுவில் இருமுவார். சுற்றிலும் இன்னும் ஒன்பது பிள்ளைகள் படுத்திருந்தார்கள்.

அம்மையார் வாசற்காவலரைத் திட்டினார். காவலர், "பெத்த அப்பன்னு நெனச்சேன், மதாம்" என்றார். எங்களைத் திட்டினார். நாங்கள் கண்ணையனிடம் போய், பார்வை நேரம் முடிந்தது என்று மரியாதையாகச் சொன்னோம். அவரும் மரியாதையாக எழுந்து போனார், மறுநாள் வந்தார். அம்மையார் மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டுத் திட்டினார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், நிறை வயிற்றோடு மகளைப் பார்க்க வந்த அஞ்சலாட்சி அகப்பட்டார்.

"ஒரு பிள்ளைய இப்படிக் கெடத்தியாச்சு. வயித்துல இருக்கறதயும் கொண்டாந்து பக்கத்துல கெடத்தப் போறியா? நாலு வருசமாச் சொல்றேன். சொல்லிட்டோம் சொல்லிட்டோம்னு பொய் சொல்றீங்க. உனக்கு வாய் இல்லையா?"

அஞ்சலாட்சி அதுவரை அம்மையாரை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அன்று பேசினார்.

"இல்ல, மதாம். எனக்கு வாய் இல்ல. அவரு எங்க மூத்தாரு. நான் அந்தூட்டுக்கு வந்து ஆறு வருசம், அவரு எதுக்க நின்னு ஒரு வார்த்த பேசினதில்ல. அவரு வந்தா நான் உள்ள போயிடுவேன். நான் போயி, எம் புள்ளையத் தொடாதன்னு சொல்றதா? எங்கூட்டுக்காரரு சொல்லுவாரா? அண்ணன் இல்லன்னா அவருக்குச் சோறு ஏது? சொல்லலாம்னு வாயத் தொறப்பாரு, அண்ணன் மூஞ்சியப் பாத்துட்டு, சாப்ட்டியாண்ணேன்னு கேட்டுட்டு வந்துடுவாரு. நீங்க எங்களத் திட்டிட்டு கொடைய எடுத்துட்டுப் போயிடறீங்க. அவரத் திட்டுனீங்களா ஒரு நாளாவது?"

அம்மையார் எடுத்த குடையைக் குழந்தைகள் பகுதியின் வாசலிலேயே சாய்த்து வைத்துவிட்டு, கண்ணையன் நாளை எத்தனை மணிக்கு வருவார் என்று எங்களைக் கேட்டார்.

மறுநாள் காலை கண்ணையன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். நாலு படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார். அம்மையார் மேலிருந்து இறங்கி வந்து வழியை மறித்தார். சகாயநாதன் கீழ்ப்படியில் மாவுச் சட்டியோடு நின்றதால் எல்லாம் அவர் காதில் விழுந்தது.

"உக்காருங்க, கண்ணையன். நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க."

அவர் படியில் உட்கார்ந்தார். அம்மையாரும் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார்.

"ஒங்களுக்கு இருக்கறது தூசி இருமல் இல்ல. காசம், எளைப்பு நோய்."

கண்ணையன் திடுக்கிடவில்லை. "ரெண்டு வாட்டி ரத்தம் வந்துது, மதாம். யாருகிட்டயும் சொல்லல. என்னெத்தான் தின்னுதுன்னு நெனச்சிருந்தேன்."

"ஒங்கள மட்டும் தின்னாது. நீங்க இருமும்போது காத்துல போவும். சின்னப் புள்ளைங்களப் புடிக்கும். முதுகெலும்புல போயி உக்காரும்."

கண்ணையன் மாடியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார். "வேம்புக்கு எங்கிட்டேருந்துதானா வந்துது?"

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம். நாங்களாக இருந்தால் சொல்லியிருப்போம். அம்மையார் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். "அப்படித்தான் தோணுது. ஒங்களுக்குத் தெரியாது. தெரியாம நடந்தது."

"நீங்க தெரிஞ்சவங்கதான?" என்றார் கண்ணையன். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "நாலு வருசமா எங்கூட்டுக்கு வந்துட்டுப் போறீங்க. தம்பிகிட்ட சொன்னீங்க. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்க. வாசல்காரன்கிட்டகூடச் சொன்னீங்களாம். எங்கிட்ட ஒரு வாட்டி சொல்லக் கூடாதா, மதாம்?"

மேலே மாடியிலிருந்து வேம்பு, "பெரியப்பா வந்துட்டாரா?" என்று யாரையோ கேட்பது படிவரை கேட்டது. கண்ணையன் சட்டென்று விரலை உதட்டில் வைத்து, பேச வேண்டாம் என்று அம்மையாருக்குச் சாடை காட்டினார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமல் அடங்கியதும், "இப்ப நான் என்ன செய்யணும், அதச் சொல்லுங்க" என்றார் தணிந்த குரலில்.

அம்மையார் சொன்னார். கண்ணையன் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லி மனத்தில் வாங்கிக்கொண்டு, மாடிக்கு ஏறாமல், வந்த படிகளில் இறங்கிப் போனார்.

அம்மையார் அந்தப் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் யாரையும் திட்டவில்லை. நாங்கள் பயந்து போனோம். அடுத்த நாள் வந்து, "நாலு வருசம் எல்லாரு மேலயும் கோவப்பட்டேன். பேச வேண்டிய ஆளுகிட்ட மட்டும் பேசல. எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் என்ன வித்தியாசம்? நானும் மூஞ்சியப் பாத்து ஒதுங்கித்தான் போயிருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு, தரையில் பஞ்சு கிடக்கிறதே, யார் பார்ப்பது என்று எங்கள்மேல் பாய்ந்தார். எங்களுக்கு உயிர் வந்தது.

கண்ணையன் அந்த வாரமே சேதராப்பட்டு கிராமத்துக்குப் போய்விட்டார். அங்கே அவர்களுக்கு மல்லாட்டை போடும் துண்டு நிலம் ஒன்று உண்டு. நாலு பக்கமும் காற்று வர ஒரு கொட்டகை போட்டுக்கொண்டார். சுண்ணாம்பு போட்ட மூடித் தகரத்தில் மட்டும் துப்பினார். அதைத் தாமே நெருப்பில் கொட்டினார். மண்ணாங்கட்டி ஞாயிறுதோறும் அரிசியும் காய்கறியும் கொண்டுபோய் வரப்பில் வைத்துவிட்டு, தள்ளி நின்று பேசிவிட்டு வருவார். தம்பி முதல் நாள் அழுதாராம். "அழறதா இருந்தா வராத. நீ கிட்ட வந்து மூக்கச் சிந்துவ, அப்பறம் அதையே வூட்டுக்குத் தூக்கிட்டுப் போவ" என்று அண்ணன் அதட்டினாராம்.

ஆடியில் அஞ்சலாட்சிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அம்மையார்தாம் பிரசவம் பார்த்தார். அந்தக் குடும்பத்தில் மூத்த ஆண்மகன் தம் நாவில் தொட்டு எடுத்த சர்க்கரைத் தண்ணீரைப் பிள்ளை வாயில் சேனையாக வைப்பது வழக்கம். வேம்புவுக்குக் கண்ணையன்தான் வைத்திருந்தார். உறவினர்கள் கூடி, பெரியவர் இல்லாத குறைக்கு வேறு யார் வைப்பது என்று பேச ஆரம்பித்தார்கள். அம்மையார் வாயைத் திறப்பதற்குள் மண்ணாங்கட்டி எழுந்து நின்றார். "எங்கண்ணன் சொல்லி அனுப்பிச்சிருக்காரு. எவனும் சேன வெக்க வேணாம். தாய்ப்பால் போதும். மதாம் சொல்றத மீறுனா நான் நடந்து வந்து நிப்பேன்னு சொன்னாரு" என்றார். கூட்டம் கலைந்தது. அந்தப் பிள்ளைக்கு ராமலிங்கம் என்று பெயர். வரும் ஆடியில் மூன்று வயது நிறைகிறது. சற்று முன் இந்த மேடைக்கு அடியில் தவழ்ந்து புகுந்து, குனிந்து, நெளிந்து, மறுபக்கமாக வெளியே வந்தவன் அவன்தான்.

வேம்பு பத்தொன்பது மாதங்கள் மாவுக்கட்டில் கிடந்தாள். 1936 ஐப்பசியில் எழுந்து நின்றாள். முதுகில் ஒரு சிறு மேடு நிலைத்துவிட்டது, அது போகாது. ஆனால் நடக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். நடக்க ஆரம்பித்த மூன்றாம் வாரம் அவளை வண்டியில் சேதராப்பட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அம்மையாரும் போனார். கண்ணையன் கிணற்றங்கரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நிற்கத் தெம்பில்லை. "பெரியப்பா!" என்று வேம்பு வரப்பில் நடந்தாள். பாதி வழியில், "அங்கயே நில்லு, தங்கம். அங்க நின்னு நடந்து காட்டு" என்றார் அவர். வேம்பு வரப்பின்மேல் போய், திரும்பி, மறுபடி போய், திரும்பி நடந்து காட்டினாள். போதும் என்று அவர் சொல்லவில்லை. அவளாக அலுத்துப்போய் நின்றபோது, "மதாமுக்கு மோர் குடுங்கடா" என்றார். மார்கழியில் அவர் காலமானார்.

இதற்குப் பின் அம்மையார் திருந்தி, சாந்த சொரூபி ஆகிவிட்டார் என்று எழுதினால் இந்த மண்டபமே சிரிக்கும். கோபம் அப்படியேதான் இருந்தது. அது போய்ச் சேரும் இடம் மாறிற்று. பிரசவத்துக்குப் போன வீட்டில் இருமல் கேட்டால், கை கழுவியவுடன் இருமியவர் எதிரிலேயே போய் உட்கார்ந்தார். மாமனாரோ, மாமியாரோ, மில் மேஸ்திரியோ, பள்ளி வாத்தியாரோ, யாரானாலும் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி, அவருக்கு என்ன நோய், அது பிள்ளையை என்ன செய்யும் என்று சொன்னார். சிலர் அழுதார்கள், சிலர் துரத்தினார்கள். எல்லா வீட்டிலும் ஒரு கண்ணையன் இருக்கவில்லை. முத்தியால்பேட்டை வீடொன்றில் பாட்டனார் மறுத்துவிட்டார். அந்த வீட்டு ரோசா என்ற இரண்டு வயதுப் பெண் எங்கள் மாவுப் படுக்கையிலேயே போன வருடம் கண்ணை மூடினாள். அந்தத் தோல்வியையும் இந்த மடலில் எழுதச் சொன்னவர் அம்மையார்தாம். எழுதிவிட்டோம்.

அம்மையாரே! கதை முடிந்தது, இனித் தங்களை நோக்கியே பேசுகிறோம், மன்னிக்க வேண்டும். பிறந்த குழந்தையை முதலில் தொட்ட கரங்கள் தங்களுடையவை. பிறந்த பின் அதை மறந்துவிடாத மனமும் தங்களுடையது. கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் இடையே முடிந்துவிடும் எங்கள் வேலையைக் கூடத்துக்கும் வாசலுக்கும் தெருவுக்கும் நீட்டியவர் தாங்கள். எங்கள் சோம்பலைச் சுட்டீர்கள். எங்கள் சாக்குகளைச் சாய்த்தீர்கள். எங்கள் மரியாதைப் பேச்சின் மறைவில் ஒளிந்திருந்த கோழைத்தனத்தைக் கையும் களவுமாய்ப் பிடித்தீர்கள். தாங்கள் நூறாண்டு நோயின்றி வாழ வேண்டும். கடற்கரைச் சாலையில் காலை மாலை உலாவ வேண்டும். உணவை நேரத்துக்கு உண்ண வேண்டும். ஒரு நாளேனும் யார்மீதும் எரிச்சல் கொள்ளாமல் உறங்க வேண்டும் என்று எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம். கடைசி வேண்டுதல் பலிக்குமா என்பது எங்களுக்கே ஐயம்தான்.

ஒன்றை மட்டும் தங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற வியாழக்கிழமை, தாங்கள் இல்லாமல், சகாயநாதனும் லூர்துசெல்வியும் நெல்லித்தோப்பில் ஒரு வீட்டுக்குப் போனார்கள். பிள்ளை பிறந்து ஒன்பது நாள். இருமுபவர் பிள்ளையின் தகப்பனார், உத்தியோகஸ்தர், கண்ணியமான மனிதர். இருவரும் அவர் எதிரில் போய் உட்கார்ந்து, தாங்கள் சொல்வதுபோலவே சொல்ல முயன்றார்கள். பாதியில் லூர்துசெல்வி பேச்சைச் சகாயநாதனிடம் விட்டாள். சகாயநாதன் எடுத்துச் சொன்னதில் ஏதோ தப்பாகிவிட்டது. "எங்கூட்டுக்குள்ள வந்து என்னெயே வெளிய போன்னு சொல்றீங்களா?" என்று அவர் எழுந்து கதவைக் காட்டினார். இருவரும் வந்துவிட்டார்கள். நேற்று தங்களிடம் அதைச் சொல்லி, இனி என்ன செய்வது என்று கேட்டோம்.

"எத்தன தடவ போனீங்க?" என்றீர்கள்.

"ஒரு தடவ, மதாம்."

தாங்கள் எங்களைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை எழுத எங்களுக்குத் தமிழ் போதவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடியும் போகிறோம்.

தங்கள்மீது மாறாத மதிப்பும், இன்னும் தீராத அச்சமும் கொண்ட,
பிள்ளைப்பேற்றுப் பகுதி, குழந்தைகள் பகுதி ஊழியர்கள்.

புதுச்சேரி,
1938 ஜூன் 25, சனிக்கிழமை.